லேக் வியூ அவென்யூவில் தண்ணீர் வரவில்லை

“ஒரு தெருவைக் காணோம்” என்றான் ஸ்ரீவத்சன்.

ஜெரோம் டீ கிளாஸை மேசைமேல் வைத்தான். மேற்குத் தாம்பரத்தில், ஒரு செல்போன் கடைக்கு மேலே ஒற்றை அறையில் இயங்கிய நூர் துப்பறியும் நிலையம் அதுவரை ஓடிப்போன மாப்பிள்ளைகளைத் தேடியிருக்கிறது. ஓடாத மாப்பிள்ளைகளின் முதல் மனைவிகளைத் தேடியிருக்கிறது. ஒருமுறை, வெட்கத்தை விட்டுச் சொன்னால், ஒரு பூனையையும் தேடியிருக்கிறது. தெருவைத் தேடி யாரும் வந்ததில்லை.

“கடைசியா அத்த எங்க சார் பாத்தீங்க?” என்று அக்கறையாகக் கேட்டான்.

“ஜெரோம்” என்றார் நூர் பீவி. அவ்வளவுதான். அதற்கு வாயை மூடு என்று அர்த்தம்.

நூர் பீவிக்கு ஐம்பது வயது. இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் கிளெய்ம் விசாரிக்கும் வேலையில் பாதி ஆயுளைக் கழித்தவர். லாரி ஏறிய காலையும் ஏறாத காலையும் கட்டைப் பிரிக்காமலே பிரித்துச் சொல்வார். ஜெரோம் இந்த வேலைக்கு வருமுன் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். மணப்பெண்கள் அழுவதை நெருக்கத்தில் எடுத்து எடுத்து, எது எந்த அழுகை என்று கண்டுபிடிக்கத் தொடங்கினான். அந்தக் கெட்ட பழக்கம்தான் அவனை இந்த நாற்காலியில் கொண்டுவந்து உட்காரவைத்தது.

“முதல்லேர்ந்து சொல்லுங்க தம்பி” என்றார் நூர் பீவி.

ஸ்ரீவத்சன் லேப்டாப்பைத் திறந்தான். பகலில் ஐ.டி. வேலை, மிச்ச நேரத்தில் ஊருக்கு உபகாரமாக ‘எவ்ளோ தண்ணி’ என்று ஓர் இணையதளம் நடத்துகிறான். தாம்பரத்தைச் சுற்றி வீடு வாங்கப் போகிறவர்கள் அதில் தெருப் பேரைத் தட்டினால் போதும். அந்தத் தெருக்காரர்கள் ஏற்கனவே ஏற்றி வைத்த விவரம் வரும்: எந்த மழையில் எவ்வளவு தண்ணீர் நின்றது, படத்தோடு.

“டேட்டாபேஸ்ல ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு தனி டேபிள் மேடம். யாராவது புதுசா ஒரு தெருப் பேரைப் போட்டா, என் புரோகிராம் அந்த செகண்டே அந்தப் பேர்ல புது டேபிள் கிரியேட் பண்ணிடும். நான் கைய வைக்கவே வேண்டாம்.” கடைசி வாக்கியத்தில் பெற்ற தாயின் பெருமை இருந்தது.

“டேபிள்னா?” என்றான் ஜெரோம். “மேசையா?”

“பீரோன்னு வெச்சுக்கோங்க. தெருவுக்கு ஒரு பீரோ. புதுத் தெரு வந்தா புது பீரோ தானா வந்து நிக்கும்.”

“சீர்வரிசை மாதிரி.”

“எத்தனை பீரோ நிக்குது?” என்று கேட்டார் நூர் பீவி.

“ஒன்பதாயிரத்துக்கு மேல. அதான் மழைக் காலத்துல சைட்டே படுத்துடுது. சின்னதா ஒரு மாத்தம் பண்ணணும்னாலும் எல்லா டேபிள்லயும் போய்ப் பண்ண வேண்டியிருக்கு.”

நூர் பீவியின் புருவம் லேசாக ஏறி இறங்கியது. “இந்தப் பக்கம் அவ்வளவு தெரு ஏது தம்பி?”

ஸ்ரீவத்சன் அதைக் காதில் வாங்கவில்லை. அவன் அவசரம் அவனுக்கு. சுந்தரவல்லி என்று ஒரு கணக்கு டீச்சர் நேற்று அவனுக்கு நன்றி சொல்லி மெயில் அனுப்பியிருந்தார். முடிச்சூரில் லேக் வியூ அவென்யூ. தரைத்தள வீடு. கணவர் சக்கர நாற்காலியில் இருப்பதால் மாடி வீடு சரிப்படாது. தளத்தில் தேடிப் பார்த்தாராம், ‘இந்தத் தெருவில் வெள்ளப் பதிவு எதுவும் இல்லை’ என்று வந்ததாம். அதை நம்பி இன்று மத்தியானம் பத்திரம் பதியப் போகிறார்கள்.

“மேப்ல பாத்தேன் மேடம். ஏரியோட உபரித் தண்ணிக் கால்வாய்க்கு ஒட்டின தெரு. அங்க தண்ணி வரலைன்னா வேற எங்கயும் வந்திருக்காது. டேபிளத் தொறந்தேன். காலி. யாரோ உள்ள புகுந்து மொத்தத்தையும் அழிச்சிருக்காங்க.”

“டீச்சர்கிட்ட சொல்லலையா?”

“போன் பண்ணேன். ஆதாரம் என்னன்னு கேட்டாங்க. போட்டிக்காரங்க யாராவது இப்படிப் பேசுவாங்கன்னு புரோக்கர் முன்னாடியே சொல்லி வெச்சிருக்கான். சம்பந்தம்னு பேரு.”

“உங்க கம்ப்யூட்டருக்குள்ள எவனாவது புகுந்த அடையாளம்?”

“இல்ல. அதான் பயமா இருக்கு. அவ்ளோ கிளீனா பண்ணியிருக்கான்.”

நூர் பீவி எழுந்து ஹெல்மெட்டை எடுத்தார். “பூட்டு உடையல, ஜன்னல் உடையல, திருடன் வந்த தடமும் இல்ல. என் சர்வீஸ்ல இதுக்கு ஒரே அர்த்தம்தான் தம்பி. போய்ப் பாத்துட்டு சொல்றேன்.”

ஜெரோமின் ஸ்கூட்டர் முடிச்சூர் சாலையின் பள்ளங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழகியிருந்தது. மழை இல்லை, ஆனால் வருவேன் என்று வானம் மிரட்டிக்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் நெல் விளைந்த இடம். இப்போது விளைவதெல்லாம் ‘பிளாட் விற்பனைக்கு’ போர்டு.

லேக் வியூ அவென்யூ முனையில் நீலத்தில் வெள்ளை எழுத்து, பளபளவென்று பெயர்ப் பலகை. அதன் அடியில் பலகைக்குச் சமமாகப் பளபளத்தபடி வெள்ளைச் சட்டையில் ஒருவர். புரோக்கர் சம்பந்தம்.

“வீடு பாக்க வந்தோம்” என்றார் நூர் பீவி. “இவன் என் தம்பி மாதிரி. கல்யாணம் ஆகல. சொந்த வீடு இருந்தாலாவது ஆகுதான்னு பாக்கணும்.”

ஜெரோம் கல்யாணமாகாதவனின் சோகத்தை முகத்தில் கொண்டுவந்தான். அதற்கு அவன் நடிக்க வேண்டியிருக்கவில்லை.

“அருமையான ஏரியா மேடம். ஒரு சொட்டு தண்ணி நின்னது கெடையாது” என்று ஆரம்பித்தார் சம்பந்தம். தண்ணீர் பற்றி யாரும் இன்னும் கேட்டிருக்கவில்லை.

நூர் பீவி நடந்தார். தெருவின் இரண்டு பக்கமும் தனித்தனி வீடுகள். ஒவ்வொரு காம்பவுண்டுச் சுவரும் மார்பு உயரம் வரை புதுப் பெயின்ட். அதற்கு மேலே வெயிலில் வெளுத்த பழைய நிறம்.

“கீழ்ப் பாதிக்கு மட்டும் அடிச்சிருக்காங்களே?”

“டூ-டோன் மேடம். இப்ப அதான் ஃபேஷன்.”

“தெருவே சேர்ந்தா?”

“ஒத்துமையான தெரு மேடம்.”

நூர் பீவி ஒரு வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். கரன்ட் மீட்டர் பெட்டி கதவுக்கு மேலே, சன்ஷேடுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது. அடுத்த வீட்டிலும் அப்படியே. அதற்கடுத்த வீட்டிலும்.

“மீட்டர் ஏன் அவ்வளவு ஒசரத்துல இருக்கு?”

சம்பந்தம் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். “அது வாஸ்து மேடம்.”

“ரீடிங் எடுக்க வர்றவரு ஏணியோட வரணும்னு வாஸ்துல கீதா?” என்றான் ஜெரோம். சம்பந்தத்துக்கு அப்போது அவசரமாக ஒரு போன் வந்தது. மணி அடிக்காமலே வந்தது. அவர் அதைக் காதில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்தார்.

“தண்ணி வந்துகீது அக்கா. மார் வரைக்கும். பச்ச கொயந்தைக்குக்கூடத் தெரியும்” என்றான் ஜெரோம். “கொன்னவன் அந்தாளுதான்.”

“யாரும் யாரையும் கொல்லலடா.”

“ஒரு ஃப்ளோல வந்துச்சு.”

“சுவரும் மீட்டரும் நமக்குப் போதும், டீச்சருக்குப் போதாது. படம் வேணும். படம் எங்க போச்சு?” நூர் பீவி தெரு முனைக்குத் திரும்பி வந்து பெயர்ப் பலகையைத் தட்டிப் பார்த்தார். கம்பைச் சுற்றிப் போட்ட சிமென்ட்டில் இன்னும் புதுசின் கருமை போகவில்லை. “தெரு பழசு. போர்டு புதுசு. ஜெரோம், ஒரு தெருவுக்குப் பேர் மாத்தணும்னா என்னென்ன மாத்தணும்?”

“போர்டு. வாசல்ல இருக்குற பேர்ப் பலகை. கடைக்காரன் வாய்.”

“எதை மாத்த முடியாது?”

ஜெரோம் சுற்றிப் பார்த்தான். தெருவின் கோடியில், முள்வேலிக்குள், இரண்டு கம்பங்களுக்கு நடுவே உறுமிக்கொண்டிருந்தது டிரான்ஸ்பார்மர். அதன் உடம்பில், வெயிலில் மங்கிய மஞ்சள் எழுத்தில், மின்வாரியக்காரர்கள் என்றைக்கோ எழுதிவைத்தது: கங்கையம்மன் கோயில் குறுக்குத் தெரு.

பேரை மாற்றியவர்கள் தெரு முழுக்க பிரஷ்ஷோடு நடந்திருக்கிறார்கள். இதில் மட்டும் கைவைக்கவில்லை. வைத்திருந்தால் தெருவின் பேரோடு அவர்கள் பேரும் அன்றைக்கே மாறி, முன்னால் ‘அமரர்’ என்று சேர்ந்திருக்கும்.

“அட கங்கையம்மா” என்றான் ஜெரோம்.

ஜெரோம் போனை எடுத்து ‘எவ்ளோ தண்ணி’யில் ‘கங்கையம்மன் கோவில் குறுக்குத் தெரு’ என்று தட்டினான். சுழன்றது. சுழன்றது. பிறகு பணிவாக, ‘இந்தத் தெருவில் வெள்ளப் பதிவு எதுவும் இல்லை’ என்றது.

“பேஜாரு. இங்கயும் தொடச்சிட்டான்!”

நூர் பீவி ஸ்ரீவத்சனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து, டிரான்ஸ்பார்மரில் பழைய பேர் இருப்பதையும் ஜெரோம் அதைத் தேடிப் பார்த்ததையும் சொன்னார். மறுமுனையில் தட்டச்சுச் சத்தம், பிறகு ஓர் அலறல்.

“சார், நீங்க இப்பதான் ஒரு டேபிளை உண்டாக்கிட்டீங்க!”

“நானா? நான் சும்மா தேடுனேன் சார்!”

“தேடினாலே புதுப் பேரா இருந்தா டேபிள் வந்துடும். அப்படித்தான் எழுதியிருக்கேன். நீங்க கோவில்னு அடிச்சீங்க. டிரான்ஸ்பார்மர்ல என்ன போட்டிருக்கு?”

“கோயில்.”

கோவிலா கோயிலா என்பதில் தமிழ்ப் புலவர்களே இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஸ்ரீவத்சனின் கம்ப்யூட்டர் அதுவரை பொறுத்திருக்காமல் இரண்டுக்கும் தனித்தனியாக பீரோ செய்துவிட்டது.

“தம்பி,” என்றார் நூர் பீவி, “தெருவை விட பீரோ ஏன் ஜாஸ்தின்னு காலைல கேட்டேன். இப்ப உங்க பீரோ பேரையெல்லாம் கொஞ்சம் படிங்க.”

மறுபடியும் தட்டச்சுச் சத்தம். பிறகு ஸ்ரீவத்சனின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “‘கங்கை அம்மன் கோயில் தெரு’... ‘கங்கையம்மன் கோவில் பின்புறம்’... ‘எங்க வூட்டாண்ட’... மேடம், ‘பிரியா ஐ லவ் யூ’ன்னு ஒரு டேபிள் இருக்கு.”

“அங்க எவ்ளோ தண்ணி சார்?” என்றான் ஜெரோம்.

“உங்ககிட்ட எதுவும் திருட்டுப் போகல” என்றார் நூர் பீவி. “லேக் வியூ பீரோவ யாரும் காலி பண்ணல. அது பொறந்ததுலேர்ந்தே காலி. யாரோ உங்க கம்ப்யூட்டரத் தொடாம, தெருவுக்கு மட்டும் புதுப் பேர் வெச்சாங்க. உங்க புரோகிராம் கேள்வியே கேக்காம புது பீரோவக் கொண்டுவந்து வெச்சுட்டு, இங்க தண்ணியே வரலன்னு சத்தியமும் பண்ணிடுச்சு.”

“பேரைத்தான் நான் தெருன்னு நெனச்சுட்டேன்” என்றான் ஸ்ரீவத்சன் மெதுவாக. பிறகு வேகம் பிடித்தது. தப்பு புரிந்த சந்தோஷம் இன்ஜினியர்களுக்கு மட்டுமே வரும். “மேப்ல இருக்கற இடம்தான் மேடம் தெரு. அதுக்கு ஒரு நம்பர் குடுத்துடணும். எல்லாத் தெருவோட பதிவும் ஒரே டேபிள்ல, அந்த நம்பரோட. பேரெல்லாம் இன்னொரு டேபிள்ல, ஒரு நம்பருக்கு எத்தனை பேர் வேணா. அப்ப லட்சம் தெரு வந்தாலும் டேபிள் எண்ணிக்கை ஏறாது, உள்ள வரிசைதான் ஏறும். பேர் மாத்தினாலும் பழைய பதிவு கூடவே வரும்.”

“எங்க சித்தப்பாவுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு பேரு சார்” என்றான் ஜெரோம். “கைரேகைய வெச்சு ஒரே ஆளுதான்னு கண்டுபுடிச்சுட்டாங்க. அவங்ககிட்ட நீங்க கத்துக்கணும்.”

“அத அப்புறம் கட்டுங்க” என்றார் நூர் பீவி. “இப்ப கோயில் பீரோவத் தொறங்க. படம் இருக்கா?”

இருந்தது. ஜெரோமின் போனில் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. இதே தெரு. இதே சுவர்கள், மேல் பாகம் மட்டும் தெரிய. கதவின் தாழ்ப்பாள் உயரத்தில் மிதக்கும் கேஸ் சிலிண்டர். ஒரு படத்தில், தடித்த மீசை வைத்த ஒருவர் மார்பளவு தண்ணீரில் வருகிறார். அவர் தலைமேல் பிளாஸ்டிக் நாற்காலி, நாற்காலியில் குடையைப் பிடித்தபடி ஒரு கிழவர்.

“யார் ஏத்தின படம்?”

“துரைன்னு ஒருத்தர். இந்தத் தெருவோட முக்கால்வாசிப் படம் அவர்தான் போட்டிருக்கார்.”

“நல்லது. அவரைப் பிடிச்சா சாட்சி கிடைச்சாச்சு. இன்னொண்ணு. லேக் வியூ அவென்யூன்னு மொத மொத உங்க சைட்ல தட்டினது யாரு? அதாவது, அந்தக் காலி பீரோவக் கொண்டுவந்தது? சம்பந்தம்னு இருக்கும் பாருங்க.”

தட்டச்சுச் சத்தம் நின்றது.

“மேடம்... அதுவும் துரைதான்.”

அந்த நேரத்தில் தெருவின் நடுவிலிருந்து சம்பந்தத்தின் குரல் கேட்டது. “துரை அண்ணே! பார்ட்டி வந்துகினே கீறாங்களாம், ரெடியா?”

ஒரு வீட்டின் கேட்டைத் திறந்துகொண்டு, பதிவுக்காக இஸ்திரி போட்ட சட்டையில், தடித்த மீசைக்காரர் வெளியே வந்தார். மீசை மட்டும் நரைத்திருந்தது. மற்றபடி போனில் இருந்த அதே ஆள்.

ஜெரோம் போனைப் பார்த்தான், ஆளைப் பார்த்தான். கைவசம் வைத்திருந்த நகைச்சுவை ஏதும் பொருந்தவில்லை.

நூர் பீவி நேராகப் போய் படத்தைக் காட்டினார். “இந்தப் பெரியவர் பிழைச்சாரா?”

துரை படத்தை வெகுநேரம் பார்த்தார். “பொயச்சாரு. நாற்காலிதான் ஒடஞ்சிடுச்சு.” பிறகு நிமிர்ந்தார். “நீங்க யாரு?”

“போர்டு எழுதினது யாருன்னு கண்டுபிடிக்க வந்தவங்க.”

அவர் மறுக்கவில்லை. கேட்டின்மேல் கையை ஊன்றிக்கொண்டார். “தெருவே சேந்துதான் எய்தினோம். மொதல்ல நான்தான் சொன்னேன். புதுப் பேர்ல பதிவு இல்லைன்னு வருதான்னு போன்ல தட்டியும் பாத்தேன். இன்னா தப்பு? ஊருக்கெல்லாம் பேர மாத்துறாங்கோ.”

“படத்தையும் நீங்கதானே போட்டீங்க?”

“போட்டேன். கவுருமெண்டு பாக்கட்டும், கால்வாய வெட்டட்டும்னு போட்டேன். எவன் பாத்தான்? வூடு வாங்க வர்றவன்தான் பாத்தான். கோயில் தெருன்னு சொன்னா போதும், போனத் தட்டிப் பாத்துட்டு ஓடிடுவான். ஒருக்கா மூழ்கினா தண்ணி மேல தப்பு. மறுபடி மறுபடி மூழ்கினா எங்க பேரு மேல தப்பாய்டுது.” அவர் உள்ளே பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “எங்க வூட்ல தனம், மேகம் கூடினாலே பத்திரத்தையும் மாத்திரையையும் பிளாஸ்டிக் கவர்ல சுத்திக்கினு மொட்டமாடிப் படியில போய்க் குந்திக்கும். கோவிலம்பாக்கத்துல பொண்ணு வூட்டாண்ட மூணாவது மாடியில ஒரு எடம் பாத்துகீறேன். இத்த வித்தாதான் அத்த வாங்கலாம்.”

நூர் பீவி நீட்டியிருந்த போனைத் தாழ்த்திக்கொண்டார். பொய் சொல்பவர்களை அவருக்கு ஆயிரம் பேரைத் தெரியும். உண்மையைச் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனவர்களைப் பார்த்தால் அவருக்கு எப்போதும் ஒரு தடுமாற்றம் வரும். ஜெரோம் அதைப் பலமுறை பார்த்திருக்கிறான்.

ஒரு வேன் தெருவுக்குள் நுழைந்து கேட்டருகே நின்றது. சுந்தரவல்லி இறங்கினார். வேனின் பின்கதவு திறந்தது. ஒரு பலகை சரிந்து தரையைத் தொட்டது. அதன் வழியாக, சக்கரத்தைத் தன் கையாலேயே உருட்டிக்கொண்டு, அவர் கணவர் அன்பு இறங்கி வந்தார்.

“இதான் வீடா? வாசப்படி ஒண்ணுதான். ஜோர்” என்றார். “வல்லி, ஒரு சரிவு கட்டினா நான் தனியாவே கடைக்குப் போயிட்டு வந்துடுவேன். அப்புறம் என்னைப் பிடிக்க உனக்கு ஆள் வேணும்.”

துரையின் முகம் மாறியதை ஜெரோம் பார்த்தான். அவர் சம்பந்தத்தின் பக்கம் திரும்பினார். “சார் நடக்கமாட்டார்னு நீ சொல்லவேல்லியே?”

“அது எதுக்குண்ணே உனக்கு? பார்ட்டி ரெடி, பதிவு ரெடி...”

நூர் பீவி போனைச் சுந்தரவல்லியிடம் நீட்டப் போனார். துரை கையால் தடுத்தார்.

“இரும்மா. நானே.”

அவர் அன்புவின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றார். “சார், கொஞ்சம் இந்தச் சொவத்தாண்ட வரீங்களா?”

அன்பு புரியாமல் உருட்டிக்கொண்டு வந்தார். துரை சுவரில் புதுப் பெயின்ட் முடியும் கோட்டில் உள்ளங்கையை வைத்தார். அன்புவின் தலை அந்தக் கைக்குக் கீழே இருந்தது. நன்றாகவே கீழே.

“தெருவுல நின்னது இவ்ளோ. கால்வாய் ஒடைஞ்சா நிமிஷத்துல வரும் சார். நீங்க நாற்காலியத் திருப்பறதுக்குள்ள.”

சுந்தரவல்லி அந்தக் கையையும் கணவரின் தலையையும் மாறிமாறிப் பார்த்தார். கணக்கு டீச்சர், அந்தக் கழித்தலைப் போட அவருக்குக் கரும்பலகை வேண்டியிருக்கவில்லை. அவர் கை தானாகப் போய் அன்புவின் தோளைப் பிடித்தது.

“நீச்சல்ல நான் எப்பவுமே வீக்கு” என்றார் அன்பு கடைசியில். பிறகு துரையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். துரைக்கு அந்தக் கையை எப்படி விடுவது என்று தெரியவில்லை.

சம்பந்தத்துக்கு மறுபடியும் மணி அடிக்காமல் ஒரு போன் வந்தது. இந்தத் தடவை அதோடு தெருவைவிட்டே போய்விட்டார்.

உள்ளேயிருந்து தனம் வந்து கதவோரம் நின்றிருந்ததை அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள். கோவிலம்பாக்கம் போய்விட்டது என்று அழப்போகிறார் என ஜெரோம் நினைத்தான். எந்த அழுகை என்று கண்டுபிடிப்பதில் அவன் தவறுவது அபூர்வம், இன்றைக்குத் தவறினான்.

“நல்லதாப் போச்சு” என்றார் தனம், மூக்கைத் துடைத்துக்கொண்டு. “இன்னொருத்தி வந்து நம்ம படியில குந்திக்கினு முழிச்சிகினு கீறத நெனச்சி நெனச்சி எனக்கு இந்த வாரம் பூரா சோறே எறங்கல. அந்தம்மாவ உள்ள கூப்டு. டீ போடறேன்.”

டீயைக் குடித்துவிட்டு வேன் போனது. ஸ்ரீவத்சன் மூன்று தடவை போன் செய்தான். நூர் பீவி எடுக்கவில்லை.

“எம்மேல கேஸு போடுவீங்களா?” என்று கேட்டார் துரை.

“என்னன்னு போட? தெருவுக்குப் பேர் வெச்சார்னா?” என்றார் நூர் பீவி. “உங்க வீட்டுக்கு வேற மாதிரி ஆள் பாக்கலாம். கீழ பார்க்கிங்கு விட்டு மேல கட்டிக்கற மாதிரி. தண்ணியத் தெரிஞ்சு வாங்கறவனா. நாளாகும். ஆனா கிடைப்பான்.”

துரை தலையாட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார், போனைத் திறந்தார். ஜெரோம் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். அவர் ‘எவ்ளோ தண்ணி’யைத் திறந்து, ஒற்றை விரலால் ‘லேக் வியூ அவென்யூ’ என்று தட்டிக்கொண்டிருந்தார். காலி பீரோ திறந்தது. தண்ணீர் எவ்வளவு என்று கேட்டது: கணுக்கால், முழங்கால், இடுப்பு, மார்பு, அதற்கும் மேல்.

துரை ‘மார்பு’ என்ற சொல்லின்மேல் விரலை வைத்தார். பழைய படங்களை ஒவ்வொன்றாகத் தேடி ஏற்றினார்.

போன் கொஞ்சநேரம் சுழன்றது. பிறகு சொன்னது: ‘இந்தத் தெருவின் முதல் பதிவு உங்களுடையது. நன்றி.’